மன்னார்க் கோட்டையும் ஒரு போர்க்கணக்கும்

கடந்த தைப்பொங்கல் விடுமுறையில் பாப்பாமோட்டையில் உள்ள என் தங்கை வீட்டில் மூன்று நாள்கள் தங்கியிருந்தேன். மன்னாரிலிருந்து பூநகரி ஊடாக யாழ்ப்பாணம் செல்லும் ஏ-32 நெடுஞ்சாலையோரம் அமைந்த சிற்றூர் அது. தெற்கே திருக்கேதீச்சரம், வடக்கே விடத்தல்தீவு, மேற்கே ஆழமற்ற கடல், தென்மேற்கே மன்னார்த்தீவு. 2008ஆம் ஆண்டு நடுப்பகுதியில் போர்முனை இக்கரையோரமாக வடக்கே நகர்ந்தபோது ஊர் முழுவதும் இடம்பெயர்ந்து, பின்னர் மீண்டது என்பதை அறிந்தவர்கள் அறிவார்கள்.

முதல்நாள் இரவு ஒரு மணியளவில் விழித்தெழுந்தபோது விறாந்தையில் வெளிச்சம் தெரிந்தது. தங்கையின் மகன், பதினேழு வயதுப் பையன், கைத்தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தான். முகத்தில் கவலை.

"என்னடா தம்பி, நித்திரை இல்லையோ?"

"எங்கட கோட்டையை அடிக்க வாறாங்கள் மாமா. இன்னும் இருபது நிமிசந்தான் கிடக்கு."

இணையவழிப் போர் விளையாட்டு ஒன்றில் அவனும், ரொறன்ரோவில் உள்ள பெரியப்பாவின் பிள்ளைகளும், பாரிஸில் உள்ள ஒரு மச்சானும் ஒரே கூட்டணியில் இருக்கிறார்கள். 'கில்ட்' என்று அவர்கள் சொல்கிறார்கள். எதிரிக் கூட்டணி இலங்கையின் நள்ளிரவைப் பார்த்துத்தான் தாக்கும். ரொறன்ரோவில் அப்போது பிற்பகல் என்பதால் அங்குள்ளவர்கள் துணைப்படை அனுப்ப முடியும். பாரிஸில் அந்தி வேளை கழிந்து கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். எதிரியிடம் 1,500 வலிமைப் புள்ளிகள், இவனிடம் 1,000. "ஆனா எங்களுக்கு மதில் போனஸ் இருக்கு, கில்ட் போனஸ் இருக்கு. நிண்டு பிடிக்கலாம்" என்றான்.

நின்று பிடித்தார்கள். மறுநாட் காலை அவன் அந்தக் கணக்கை எனக்கு விளக்கினான். கேட்கக் கேட்க, அவன் விளக்குவது அரைமணிநேரப் பயணத் தொலைவில் நிற்கும் மன்னார்க் கோட்டையின் வரலாற்றை என்றே எனக்குத் தோன்றியது. அந்த எண்ணமே இக்கட்டுரை.

கூட்டலும் பெருக்கலும்

இவ்வகை விளையாட்டுகள் புதியன அல்ல. ஜெர்மனியில் 2003இல் 'ட்ரைபல் வோர்ஸ்', 2004இல் 'ட்ராவியன்' ஆகியவை தொடங்கப்பட்டன. இன்று கைத்தொலைபேசிகளில் ஆடப்படும் கூட்டணிப் போர் விளையாட்டுகள் பலவற்றின் இலக்கணம் இவற்றிலேயே காணப்படுகிறது.

அடிப்படை எளிது. ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு தாக்கும் வலிமையும் ஒரு தடுக்கும் வலிமையும் எண்களாகத் தரப்பட்டிருக்கும். இவற்றைக் கூட்டினால் படையின் மூலவலிமை. அதன் மேல் வருபவையே போனஸ்கள். அவை விழுக்காடுகளாக வருகின்றன; அதாவது அவை கூட்டப்படுவதில்லை, மூலவலிமையைப் பெருக்குகின்றன.

ட்ராவியனில் மதிலை 20 படிநிலைகள் வரை உயர்த்தலாம். உரோமர்களின் மதில் ஒவ்வொரு படிக்கும் 3 விழுக்காடு கூட்டுவட்டி போல ஏறி, இருபதாம் படியில் ஏறத்தாழ 81 விழுக்காடு மேலதிக வலிமை தருகிறது. கோல் இனத்தாரின் மரவேலி அதே படியில் 64 விழுக்காடு. ஜெர்மானியரின் மண்மதில் 49 விழுக்காடு. மண்மதில் தரும் வலிமை குறைவு, ஆனால் இடிப்பது கடினம். மதில் இடிக்கும் பொறிகளைக் கொண்டுவந்தால் போர் நடக்கும்போதே அந்த விழுக்காடு இறங்கும்.

மருமகனின் எண்களையே எடுத்துக்கொள்வோம். மதில் இல்லையென்றால் 1,500 வலிமை 1,000 வலிமையை அழித்துவிடும். வென்றவர் தம் படையில் பாதிக்குச் சற்று மேல் இழப்பார். 81 விழுக்காடு மதில் இருந்தால் 1,000 என்பது 1,810 ஆகிறது. இப்போது தாக்க வந்தவர் முற்றாக அழிவார். ஆனால் தடுத்தவர் தப்பினார் என்று மகிழ்வதற்கு முன் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். வென்றவரின் இழப்பு, இருதரப்பு வலிமைகளின் விகிதத்தை ஒன்றரை அடுக்குக்கு உயர்த்திக் கணிக்கப்படுவது வழக்கம். அதன்படி தடுத்தவரும் தம் படையில் நான்கில் மூன்று பங்கை இழந்திருப்பார். மதில் வென்று கொடுத்தது. மதிலுக்குள் நின்றவர்களில் பெரும்பாலோர் மிஞ்சவில்லை.

போனஸ்கள் பல சேரும்போது அவை எவ்வாறு சேர்கின்றன என்பதும் முக்கியம். 20 விழுக்காடு தருபவை ஐந்து இருப்பதாகக் கொள்வோம். அவற்றை முதலில் ஒன்றாகக் கூட்டினால் 100 விழுக்காடு, அதாவது இருமடங்கு. ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருக்கினால் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. வெவ்வேறு வகையான சிறுசிறு அனுகூலங்கள் ஒருவர் கையில் திரளும்போது, தனித்தனியே பார்த்தவர் எதிர்பாராத வலிமை தோன்றுவது இதனால்தான்.

ட்ரைபல் வோர்ஸில் வேறு சில நுட்பங்களும் உண்டு. பெரிய ஆட்டக்காரர் மிகச் சிறியவரைத் தாக்கினால் தாக்குபவரின் வலிமை குறைக்கப்படும். மனவுறுதி என்று அதற்குப் பெயர். அதிர்ஷ்டம் என்ற பெயரில் 25 விழுக்காடு வரை ஏறவோ இறங்கவோ செய்யும். சில ஆட்டக்களங்களில் தேவாலயம் என்றொரு கட்டடமும் உண்டு. அதன் எல்லைக்குள் வராத ஊரின் வீரர்கள் அரைவலிமையோடுதான் போரிடுவார்கள்.

மதில், கூட்டணி, மனவுறுதி, அதிர்ஷ்டம், சமயம். இந்த ஐந்தையும் கேட்டபோதுதான் பதினாறாம் நூற்றாண்டு மன்னார் எனக்கு நினைவில் வந்தது.

லாஞ்செஸ்டரின் கணக்கு

மன்னாருக்குப் போகுமுன் ஓர் ஆங்கிலேயப் பொறியியலாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிரடெரிக் லாஞ்செஸ்டர் என்பவர் மோட்டார் வாகனங்களும் விமான இயலும் அறிந்தவர். முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916இல் வெளியான தம் நூலொன்றில், படைகளின் வலிமையைக் கணிதமாக எழுதிக்காட்டினார்.

இருதரப்பினரும் தூரத்திலிருந்து ஒருவரையொருவர் குறிபார்த்துச் சுடக்கூடிய வெட்டவெளியில், படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பது அவருடைய விதி. 10 பேரும் 6 பேரும் சம திறமையோடு மோதினால், ஆறு பேர் அழியும்போது மறுபக்கம் எஞ்சுபவர் 4 பேர் அல்லர், 8 பேர். நூறிலிருந்து முப்பத்தாறைக் கழித்தால் அறுபத்துநான்கு. அதன் வர்க்கமூலம் எட்டு. ஆனால் ஒருவர் பின் ஒருவராக மட்டுமே வரக்கூடிய ஒடுங்கிய வழியில் இந்த அனுகூலம் மறைந்துவிடுகிறது. அங்கே ஆளுக்கு ஆள் கழிந்து, 4 பேர்தான் எஞ்சுவார்கள்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, ஒடுங்கிய வழியில் நிற்பவனுக்கு எதிரியின் பெருந்தொகை பாதிப் பயனற்றுப் போகிறது. இரண்டாவது, பிரிந்து வரும் படை தோற்கும். ஆறு ஆறாக இரண்டு படைகள் சேர்ந்து வந்தால் 12 பேர். 10 பேரை எளிதில் வெல்வார்கள். அதே இரண்டு படைகளும் தனித்தனியே அகப்பட்டால், முதல் மோதலில் 10 பேரில் 8 பேர் எஞ்சுவர். இரண்டாவதில் அந்த 8 பேரில் 5 பேர் எஞ்சுவர். பன்னிரண்டு பேர் அழிந்து, பத்துப் பேர் கொண்ட தரப்பு வென்றுவிடும். கூட்டணி போனஸ் என்பது பெயரளவில் கூட்டணி இருப்பதனால் கிடைப்பதன்று, ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சேர்ந்து நிற்பதனால் கிடைப்பது.

கோட்டை எழுந்த கதை

மன்னாரைப் பலரும் விரும்பியதற்குக் காரணங்கள் வெளிப்படையானவை. முத்துக்குளிப்பு ஒன்று. இந்தியக் கரைக்கும் இலங்கைக்கும் இடையே சிறு கலங்கள் செல்லக்கூடிய ஆழமற்ற நீர்வழி மற்றொன்று. பெருங்கப்பல்கள் நுழைய முடியாத அந்தக் கடலில், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய தொடுவாயை யார் பிடித்திருக்கிறாரோ அவர் கையில் போக்குவரவு இருந்தது. லாஞ்செஸ்டர் சொன்ன ஒடுங்கிய வழி இதுவே.

1530களில் தூத்துக்குடி, புன்னைக்காயல் கரையோரப் பரதவர் பெருந்தொகையாகக் கத்தோலிக்கம் தழுவிப் போர்த்துக்கேயரின் பாதுகாப்பைப் பெற்றனர். 1538இல் மண்டபத்துக்கு அருகே வேதாளையில் நடந்த போரில், கோட்டை அரசனுக்கு எதிராக மாயாதுன்னைக்குத் துணையாக வந்த மரைக்காயர் படையை மார்ட்டிம் அபொன்சோ டி சூசா தோற்கடித்தார். அதன் பின் இக்கடலில் போர்த்துக்கேயரின் கை ஓங்கியது.

இதன் தொடர்ச்சியாக மன்னார்த்தீவிலும் மக்கள் சிலர் மதம் மாறினர். யாழ்ப்பாணத்து அரசன் முதலாம் சங்கிலி இதனைச் சமய மாற்றமாக மட்டும் பார்க்கவில்லை. தன் குடிகள் இன்னோர் அரசின் பாதுகாப்புக்குள் போவதாகப் பார்த்தான். அரசியற் கணக்கில் அவன் பார்வை தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் 1544இல் அவன் செய்தது, ஏறத்தாழ 600 பேரைக் கொன்றமை. அவர்களில் எவரும் படைவீரர் அல்லர். கத்தோலிக்கர் இன்றும் அவர்களை வேதசாட்சிகளாக நினைவுகூர்கின்றனர். சமயம் ஒரு தரப்புக்கு வலிமையைப் பெருக்கும் எண்ணாக மாறியபோது, அந்தச் சமயத்தைத் தழுவிய சாதாரண மக்கள் இலக்கானார்கள்.

பிரான்சிஸ் சவேரியார் சங்கிலியைத் தண்டிக்கப் படையெடுக்க வேண்டுமென வற்புறுத்தினார். 1545இல் அதற்கான ஏற்பாடும் நடந்தது. ஆனால் பெகுவிலிருந்து வந்த போர்த்துக்கேயக் கப்பல் ஒன்று யாழ்ப்பாணக் கரையில் தரைதட்டி, அதன் சரக்குகள் அரசன் கைக்குப் போயின. சரக்கை மீட்கும் பேச்சு நடந்தது, படையெடுப்பு கைவிடப்பட்டது. கப்பலும் பீரங்கியும் இருந்தும் எண்ணம் வேறுபக்கம் திரும்பினால் வலிமை பயன்படாது என்பதற்கு இது ஒரு சான்று.

1560இல் கோவாவின் அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனோ டி பிரகன்சா தாமே பெரும் படையோடு வந்தார். தலைநகர் நல்லூர் வீழ்ந்தது. சங்கிலி தப்பியோடிப் பின் உடன்படிக்கைக்கு இணங்கினான். இத்துடன் கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை. நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்தனர், உணவுவழிகள் அடைபட்டன, வெற்றிபெற்ற படை நல்லூரை விட்டு வெளியேற நேர்ந்தது. கோட்டையை வென்றவர்களால் ஊரை வைத்திருக்க முடியவில்லை. விளையாட்டில் மனவுறுதி என்ற பெயரில் சிறியவருக்கு அளிக்கப்படும் அனுகூலத்தை இங்கே யாரும் அளிக்கவில்லை. சொந்த நிலத்தில் நின்ற மக்கள் தாமே எடுத்துக்கொண்டார்கள்.

பிரகன்சா மன்னாரை மட்டும் தக்கவைத்துக்கொண்டு, அங்கே கோட்டை கட்டினார். புன்னைக்காயலில் இருந்த போர்த்துக்கேய நிலையமும் பரதவர் பலரும் அங்கே கொண்டுவரப்பட்டனர். திருக்கேதீச்சரக் கோயிலின் கற்களே இக்கோட்டைக்குச் சென்றன என்பது இப்பகுதியில் தலைமுறைகளாக வழங்கிவரும் செய்தி. நல்லூரில் பெரும் படையால் முடியாததை, மன்னாரில் ஒரு சிறு காவற்படை சாதித்தது. காரணம் மதில் மட்டுமன்று. ஒடுங்கிய தொடுவாய், பீரங்கி, பின்னால் கோவாவிலிருந்து வரக்கூடிய கடற்படை, சுற்றிலும் தம்மை நம்பி வாழ்ந்த மீனவ மக்கள் ஆகிய நான்கும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகின.

சேராத கூட்டணி

கோட்டையை அசைக்க முயன்றவன் யாழ்ப்பாணத்து அரசன் புவிராச பண்டாரம். தரைவழியும் கடல்வழியும் மன்னாரைத் தாக்கினான். தனித்து முடியாதென்று கண்டு கோழிக்கோட்டுச் சாமூதிரியின் துணையை நாடினான். மலையாளக் கரையிலிருந்து கப்பல்கள் வந்தன. காகிதத்தில் பார்த்தால் இது மிகச் சரியான கூட்டணி. தரையில் பெரும்படை உடையவனும் கடலில் திறமை உடையவனும் சேர்ந்திருந்தால் மன்னார் தப்பியிருப்பது கடினம்.

1591இல் அந்திரே பூர்த்தாடோ டி மென்டொன்சா கோவாவிலிருந்து வந்தார். முதலில் அந்த மலையாளக் கப்பல்களை எதிர்கொண்டு அழித்தார். அதன் பிறகே யாழ்ப்பாணத்தை நோக்கித் திரும்பினார். கொழும்புத்துறையில் இறங்கிய படை நல்லூரை அடைந்தது. புவிராச பண்டாரம் கொல்லப்பட்டான். எதிர்மன்னசிங்கம் போர்த்துக்கேயரின் விருப்பப்படி அரியணையில் அமர்ந்தான். ஆறும் ஆறும் பன்னிரண்டாகச் சேருமுன்பே தனித்தனி ஆறுகளாக அகப்பட்டன. லாஞ்செஸ்டர் பிறப்பதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு அண்மித்த காலத்தில் அவருடைய கணக்கை ஒரு கடற்படைத் தலைவன் நடத்திக்காட்டினான்.

இன்னும் 28 ஆண்டுகளில், 1619இல், பிலிப் டி ஒலிவேரா இரண்டாம் சங்கிலியைப் பிடித்து யாழ்ப்பாண அரசையே முடித்துவைத்தார். மன்னாரில் எழுந்த ஒரு சிறு கோட்டை அதற்கான படிக்கல்லாக இருந்தது.

துணைவலியின் விலை

அடுத்து வந்தவர்கள் ஒல்லாந்தர். இவர்கள் ஓர் அரசின் படையாக வரவில்லை என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1602இல் அமைந்த ஒரு வணிகக் கும்பனியின் படையாக வந்தார்கள். வணிகர் குழு படை வைத்திருப்பது தமிழருக்குப் புதிதன்று. சோழர் காலத்து ஐந்நூற்றுவர் குழுவுக்கு வீரர்கள் இருந்தனர். அவர்கள் காத்த வணிகநகரங்கள் எறிவீரப்பட்டினங்கள் என்று கல்வெட்டுகளில் குறிக்கப்படுகின்றன. இன்றைய பிள்ளைகள் 'கில்ட்' என்ற சொல்லை விளையாட்டிலிருந்து கற்கிறார்கள். அதன் பொருளான வணிகரின் ஆயுதக் கூட்டணி இந்தக் கடலில் ஆயிரம் ஆண்டுப் பழையது.

1638இல் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன் போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தரோடு உடன்படிக்கை செய்தான். கூட்டணி வென்றது. ஏறத்தாழ ஏழு மாத முற்றுகையின் பின் 1656 மே மாதத்தில் கொழும்பு வீழ்ந்தது. ஆனால் நகர் ஒல்லாந்தர் கையிலேயே தங்கிவிட்டது. அரசன் வெளியே நிறுத்தப்பட்டான். இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கியது போல என்ற சிங்களப் பழமொழி இந்த உடன்படிக்கையை ஒட்டிச் சொல்லப்படுவது. துணைவலி ஒருபோதும் இலவசமாக வருவதில்லை. இதை மருமகனிடம் சொன்னபோது சிரித்தான். பெரிய கில்ட்டில் சேர்ந்தால் போனஸ் கூட, ஆனால் கப்பம் கட்ட வேண்டும், தலைவன் சொல்லும் ஊரைத் தாக்க வேண்டும், இல்லாவிட்டால் கூட இருந்தவனே கோட்டையைப் பிடித்துவிடுவான் என்றான்.

மதில் நின்றது, மன்னார் வீழ்ந்தது

1658ஆம் ஆண்டு தொடக்கத்தில் ரைக்லோப் வான் கூன்ஸ் தூத்துக்குடியைப் பிடித்துவிட்டு மன்னாரை நோக்கி வந்தார். பின்னாளில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றி, 1672இல் இலங்கை பற்றிய பெருநூலை வெளியிட்ட பல்தேயஸ் பாதிரியார் இப்படையெடுப்பில் உடனிருந்தவர்.

மன்னார்க் கோட்டை அப்போதும் அதே இடத்தில் நின்றது. பீரங்கிகளும் இருந்தன. கொழும்பிலிருந்து வெளியேறியவர்கள் உட்படப் போர்த்துக்கேய வீரரும் இருந்தனர். அவர்கள் ஒல்லாந்தர் கரையிறங்குவதைத் தடுக்கக் கடற்கரையிலேயே போரிட்டனர். பயனில்லை. பிப்ரவரி மாதத்தில், ஒரு சில நாள்களுக்குள், தீவு ஒல்லாந்தர் வசமாயிற்று. 98 ஆண்டுகள் யாழ்ப்பாண அரசர்களையும் மலையாளக் கப்பல்களையும் தாக்குப்பிடித்த கோட்டை ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

ஏன்? மதிலில் குறை இல்லை. மதில் எதைப் பெருக்கியதோ அது இல்லாமற் போயிருந்தது. கோவாத் துறைமுகத்தை ஒல்லாந்தர் முற்றுகையிட்டிருந்தனர். அங்கிருந்து உதவி வர வழியில்லை. கடல் எதிரியிடம் போனதும், தொடுவாய் என்ற ஒடுங்கிய வழி காவலருக்கு அரணாக இருந்த நிலை மாறி, அவர்களையே அடைத்துவைக்கும் வாசலாயிற்று. தப்பியவர்கள் யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒதுங்கினர். அங்கே மக்களும் வீரரும் நெருங்கியிருந்த நிலையில் மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகை நீடித்தது. அந்த மதிலைப் பீரங்கியைவிடப் பசியும் நோயுமே அதிகம் தகர்த்தன. ஜூன் மாதத்தில் கோட்டை பணிந்தது.

எந்தப் பெருக்கல் வாய்பாட்டிலும் ஒரு விதி உண்டு. பெருக்கப்படும் எண் பூச்சியமானால் 81 விழுக்காடு மதிலும், 20 விழுக்காடு தளபதியும், கூட்டணியும், அதிர்ஷ்டமும் சேர்ந்து தருவது பூச்சியமே. ஒல்லாந்தரும் இதிலிருந்து தப்பவில்லை. அவர்கள் 1690களில் நான்கு கொத்தளங்களோடு மன்னார்க் கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள். இன்று பாலத்தைக் கடந்து தீவுக்குள் நுழைபவர் காண்பது அந்தக் கோட்டையையே. 1795 அக்டோபரில் ஆங்கிலேயர் வந்தபோது பெரும் போர் எதுவுமின்றி அது கைமாறியது. கடல் அப்போது ஆங்கிலேயரிடம் இருந்தது.

கணக்கில் வராதவர்கள்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து வருகின்றன. 48, 49, 50ஆம் அதிகாரங்கள். முதலாவதில் வள்ளுவர் செயலின் வலி, தன் வலி, எதிரியின் வலி, துணைவரின் வலி என நான்கையும் எடைபோடச் சொல்கிறார். அதற்கு மேல் காலத்தையும் இடத்தையும் வைக்கிறார். இன்றைய விளையாட்டுகளை வடிவமைப்போர் விழுக்காடுகளாக எழுதும் அனைத்தும் இந்த மூன்று அதிகாரங்களுக்குள் அடங்கிவிடும். ஆனால் நாடு, அரண், பொருள் என்று பின்னர் வரும் அதிகாரங்களில் அவர் அரணுக்கு முன் நாட்டை வைத்தார் என்பதையும் பார்க்க வேண்டும். விளைச்சலும் மக்களும் உள்ள நாடு முதலில். மதில் அதற்குப் பிறகு.

பொங்கலன்று பிற்பகல் மருமகன் இதையெல்லாம் தன் அப்பம்மாவுக்கும் விளக்கிக்கொண்டிருந்தான். எண்பதைத் தாண்டிய அவர் பாக்கு இடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"உந்தச் சனம் என்னத்தைத் தின்னுது?" என்று கேட்டார்.

"தானியம் இருக்கு அப்பம்மா. அது முடிஞ்சா படை பட்டினியில செத்துப்போகும்."

"அப்ப கமம் செய்யிற ஆக்கள் எங்க?"

அவன் திரையைக் காட்டினான். வயல் என்ற பெயரில் ஒரு மஞ்சட்சதுரம் இருந்தது. அதன் மேல் ஓர் எண். ஆட்கள் இல்லை. அவர் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "நாங்கள் வெளிக்கிட்ட அண்டைக்கும் உப்பிடித்தான் வயல் கிடந்தது. விளைஞ்சு கிடந்தது, ஆளில்லை" என்றார். பிறகு பாக்கை இடிக்கத் தொடங்கிவிட்டார்.

நான் எழுந்து முற்றத்துக்குப் போனேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதியவன் நான். போர்க்காலத்தில் இரவுப்பணியில் அமர்ந்து, இரு தரப்பும் தந்த எண்களை அடுக்கியிருக்கிறேன். எத்தனை படையணிகள், எத்தனை பீரங்கிகள், எத்தனை கிலோமீற்றர் முன்னேற்றம், எந்த மண்ணரண் உடைந்தது. ஆய்வுப் பத்திகளில் யாருக்கு எது அனுகூலம் என்று விளக்கியிருக்கிறேன். வாசகர்கள் ஆவலோடு படித்தார்கள். நானும் ஆவலோடுதான் எழுதினேன். அந்த அடுக்கில் எல்லாப் பெருக்கிகளும் இருந்தன. பெருக்கப்பட்ட எண் யார் என்பதை மிகக் குறைவாகவே எழுதினேன். விளைந்த வயலை விட்டு ஓர் ஊர் புறப்பட்டால் அது எங்கள் பக்கத்தில் ஒரு வரி. மண்ணரண் உடைந்தால் அது தலைப்பு. பதினாறாம் நூற்றாண்டுக் குறிப்பெழுதியவர்களும் அவ்வாறே எழுதினார்கள். பிரகன்சாவின் பெயர் நமக்குத் தெரியும். 1544இல் மன்னாரில் இறந்தவர்களையோ, 1560இல் நல்லூரைச் சூழ்ந்து உணவை மறித்த குடியானவர்களையோ, ஒருவரைப் பெயர்சொல்லி நம்மால் சொல்ல முடியாது. கணக்கைத் தீர்மானித்தவர்கள் அவர்கள்தாம்.

புறப்படும் நாளன்று மருமகனை மோட்டார்ச் சைக்கிளின் பின்னால் ஏற்றிக்கொண்டு மன்னார்க் கோட்டைக்குப் போனேன். திருக்கேதீச்சரச் சந்தி கடந்து, பாலத்தால் தீவுக்குள் நுழைந்தோம். கொத்தளத்தின் மேல் நின்று அவன் தொடுவாயைப் பார்த்தான். தன் விளையாட்டில் இப்படியோர் இடம் கிடைத்தால் எவ்வளவு நல்லது என்றான். பிறகு கேட்டான்.

"உள்ளுக்குக் கிணறு இருக்கோ மாமா?"

நல்ல கேள்வி என்றேன். இருவரும் இறங்கிக் கிணற்றைத் தேடிப் போனோம்.